மலபார் ஹில்லுக்கு நான் வழிகாட்டிப் போன ஞாயிற்றுக்கிழமை

மகளே,

கல்யாணத்துக்கு முன்னால் அம்மாக்கள் மகள்களுக்கு இப்படிக் கடிதம் எழுதுவது உண்டு. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். எனக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார் என்று எனக்குத் தெரியாது. யார் இல்லை என்பது மட்டும் இன்று மாலையிலிருந்து நிச்சயமாகத் தெரியும். நீ வளர்ந்து என் உயரத்துக்கு வந்த பிறகு, யாராவது உன்னிடம் சிரித்துக்கொண்டே "சும்மா ஊர் சுத்திப் பாத்துட்டு வருவோம், வா" என்று கூப்பிடும் நாளில் இது உன் கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தாராவியில் எங்கள் வீட்டு மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மேல்தட்டு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் பலகை அடித்து, இரும்பு ஏணி வைத்த இடம். கீழே அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் தூங்குகிறார்கள். என் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். கரண்ட் போனால் எரிகிற சின்ன விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். ஏணியில் சத்தம் கேட்டால் நோட்டை முன்பக்கம் திருப்பிவிடலாம். உன் அம்மா தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு நீ வளர வேண்டாம். இதுவரை மூன்று தடவை விளக்கை அணைத்துவிட்டு ஏணிப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டேன். விடிந்தால் எட்டரை மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ப்ரிலிம், போர்டு பரீட்சைக்கு முன்னால் பள்ளியில் வைக்கிற பரீட்சை, முதல் பேப்பர். பத்து மணிக்கு எனக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் இங்கே வருவதாகப் பேச்சு. பூ வைத்துவிட்டால் நான் அந்த வீட்டுப் பெண் என்று ஆகிவிடும். வைகாசியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது, ஆவணியில் கல்யாணம். இதையெல்லாம் நான் இன்று மத்தியானம்தான் தெரிந்துகொண்டேன். என்னைத் தவிர எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

தாராவியில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ஒரு நாள் ஊரைச் சுற்றிக் காட்டாமல் அனுப்பக் கூடாது. ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒழியாது. அப்பா தையல் கார்கானாவில் வேலை செய்கிறார், ஆர்டர் வந்துவிட்டால் கிழமை கிடையாது. அதனால் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இந்தி நன்றாக வருமோ அந்தப் பிள்ளையின் தலையில் அந்த வேலை விழும். எங்கள் வீட்டில் எனக்குப் பதின்மூன்று வயதானதிலிருந்து நான்தான். எந்த வண்டி எந்த பிளாட்பாரம், எங்கே கழிவறை சுத்தமாக இருக்கும், எந்த டாக்ஸிக்காரர் சுற்றிக் கூட்டிப் போவார், எல்லாம் எனக்கு அத்துப்படி. உண்மையைச் சொல்கிறேன், அதில் எனக்குக் கர்வமும் உண்டு. நம்மைவிடப் பெரியவர்கள் நம் பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவது நன்றாகத்தான் இருக்கும்.

நவி மும்பையில், கோபர்கைரனேயில் என் சித்தி இருக்கிறார். அவர் வீட்டுக்குச் சித்தப்பாவின் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார், கூடவே அவர் மகன் செல்வம். சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். கடைக்குச் சரக்குப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அப்பா என்னிடம், "ஞாயித்துக்கெழம இவங்கள ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு வந்திரு. ஒனக்குத்தான் இந்தி நல்லா வருதுல்லா" என்றார். "திங்கக்கெழம ப்ரிலிம்ப்பா" என்றேன். "ஒரு நாளுதான. ராத்திரி படி." அம்மாவும் வருகிறேன் என்றபோது எனக்கு ஆச்சரியம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷத்தில் அம்மா எந்த விருந்தாளியோடும் வந்ததில்லை. காலையில் என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு, இஸ்திரி போட்ட பச்சைச் சுடிதாரை எடுத்துக் கொடுத்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரீட்சை நேரத்தில் மகளுக்கு வேலை வைத்துவிட்டோமே என்று பாசம் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

வி.டி. ஸ்டேஷனில் இறங்கியதும், "ஆண்ட்டி, இப்பிடி வாங்க" என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "ஆண்ட்டி என்னட்டி ஆண்ட்டி? அத்தைன்னு கூப்பிடு." சரி என்று அத்தை என்றேன். மகளே, உன் அம்மா செய்த முதல் முட்டாள்தனம் இதுதான். இந்த ஊரில் எல்லாப் பெண்களும் ஆண்ட்டி, எல்லா ஆண்களும் அங்கிள், அப்படியே வளர்ந்துவிட்டேன். சித்தப்பாவின் அக்கா எனக்கு அத்தை, அத்தை மகன் எனக்குக் கட்டிக்கொள்கிற முறை. சங்கரன்கோவிலில் வளர்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும். எனக்குத் தண்டவாளம் முழுக்கத் தெரிந்திருந்தது, இது தெரியவில்லை.

கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போகிற வழியில் ரோட்டோரக் கடையில் அத்தை எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "ரெண்டு நாலு சரியா இருக்கு மதினி" என்றார். அம்மா தலையாட்டினார். வளையல் அளவை ஏன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பேசுகிற மும்முரம். மரைன் டிரைவில் கடலைப் பார்த்துக்கொண்டு, பள்ளியில் டீச்சர் சொன்னதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். "இந்த ஊரு முன்னாடி ஏழு தீவு அத்தை. மலைய வெட்டி, அந்த மண்ணையும் கல்லையும் கடல்ல கொட்டித் தூத்துத்தான் ஒரே ஊராக்குனாங்க."

"யாத்தே, கடலயா தூத்தாவ? அப்ப மழ பெஞ்சா கடலு எடத்தத் திரும்பக் கேக்காதா?"

"வருசா வருசம் கேக்குது. எங்க வீட்டு அடுப்புக்குப் பக்கத்துல வந்து நின்னு கேக்கும்."

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒனக்கு வாயி இருக்குட்டி" என்றார். பின்னால் வந்த செல்வமும் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் நான்கு கதை சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. நான் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் நான் எப்படி நடக்கிறேன், பெரியவர்களுக்கு எப்படிப் பதில் சொல்கிறேன், வெயிலில் முகம் சுளிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பெண் பார்த்து, பிடிக்காமல் போனால் தெருவே பேசும். இப்படி வெளியே வைத்துப் பார்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பெண்ணுக்கும் தெரியாது.

பஸ் பிடித்து மலபார் ஹில் ஏறினோம். ரோடு வளைந்து வளைந்து மேலே போகும், இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள், மதில் வைத்த வீடுகள். தொங்கும் தோட்டம் என்றதும் அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கட்டி தொங்குது?" என்றார். எதிர்ப் பூங்காவில் பூட்ஸ் வடிவத்தில் கட்டிய வீட்டைக் காட்டினேன். "செருப்புக்குள்ளயா வீடு கட்டி வச்சிருக்கான்? நம்ம வீட்டுல செருப்ப வாசல்ல விடச் சொல்லுதோம்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அம்மா மட்டும் கம்பி ஓரத்தில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கடற்கரை அரிவாள் மாதிரி வளைந்து போவது முழுசாகத் தெரியும். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். பிறகு, "நம்ம வீடு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். "இங்கேருந்து தெரியாதும்மா. அந்தக் கட்டடத்துக்கெல்லாம் பின்னாடி." "இவ்வளவு பக்கத்துலயா கடல் இருந்துச்சு" என்றார். அம்மா மேல் எனக்கு எவ்வளவோ கோபம் இருக்கிறது. ஆனால் இன்று அந்த மலையில் ஊர் பார்க்க வந்த ஒரே ஆள் அம்மாதான்.

நான் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். செல்வமும் கூட வந்தார். இருபத்தாறு வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்து பைகளையெல்லாம் அவர்தான் சுமந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்குச் சம்மதம். ஒங்களுக்கு?" என்றார்.

"எதுக்கு?"

"நாளைக்குப் பூ வைக்கதுக்கு."

"யாருக்கு?"

அவர் முகம் மாறிவிட்டது. "ஒங்கட்ட சொல்லலையா?" என்றார். "மேல படிக்கணும்னா அங்க வந்து தபால்ல படிக்கலாம்னு அம்ம சொல்லுதாவ. கடை வேல ஒங்களுக்கு இருக்காது. வீட்டு வேலதான்" என்று ஆறுதல் சொல்வது மாதிரி சொன்னார். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்காமல் நின்றேன்.

இப்போது என் இரண்டாவது தப்பைச் சொல்கிறேன். இதுதான் பெரிய தப்பு. பெஞ்சுக்குத் திரும்பி வந்ததும் அத்தை, "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, ஊருக்கு ஒரு போட்டோ அனுப்பணும்" என்றார். நான் நின்றேன். "கொஞ்சம் சிரிட்டி" என்றார். சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போதுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தப் போட்டோ இந்நேரம் சங்கரன்கோவிலில் எத்தனை போனுக்குப் போயிருக்கும். அதைக் காட்டி, பிள்ளைக்கு இஷ்டம்தான், பாருங்கள் எப்படிச் சிரிக்கிறாள் என்று சொல்வார்கள்.

சிரித்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அக்கா ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பூ வைத்தபோது தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். தட்டை இறக்கும்போது அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார், ஏதாவது சொல்லேன் என்பது மாதிரி. நான் அக்காவின் பட்டுப்புடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பிறகு இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா அப்போது பதினொன்று படித்துக்கொண்டிருந்தார். கணக்கில் எங்கள் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. எனக்குப் பின்னங்கள் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கி சர்னி ரோடு ஸ்டேஷனுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக மெகா பிளாக், ஹார்பர் லைனில் வண்டி இல்லை. அவர்கள் கோபர்கைரனே போக வேண்டுமானால் தாதரில் மாறி, தாணே போய், அங்கே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். தாதர் பாலத்தில் அவ்வளவு கூட்டம். அத்தை என் சுடிதார் முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிஷம், இப்படியே கூட்டத்தில் நழுவிவிட்டால் என்ன என்று தோன்றியது. அவர்களுக்கு இந்தி தெரியாது, வழி தெரியாது; அம்மாவுக்கும் இந்தப் பக்கம் தெரியாது. நாளைக்குப் பத்து மணிவரை தேடிக்கொண்டே இருக்கட்டும். ஆனால் வழி தெரியாத ஆளைப் பாதியில் விடுவது என்னால் முடியாது, அது என் வேலைக்கே கேவலம். செல்வத்தை ஆண்கள் பெட்டியில் ஏற்றி, தாணேயில் சித்தப்பா எங்கே நிற்பார் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பெண்கள் பெட்டியில் ஏறினோம். நானும் அம்மாவும் சயானில் இறங்க வேண்டும். தாதருக்கும் சயானுக்கும் நடுவில் மாதுங்கா ஒன்றுதான். சொல்வதாக இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும்.

வண்டி கிளம்பியது. "அத்தை, நாளைக்கு வராதீங்க" என்றேன்.

"என்னட்டி?"

"எனக்குப் பூ வைக்க வராதீங்க. எனக்குப் பரீட்சை இருக்கு. பரீட்சை இல்லன்னாலும் வராதீங்க."

அம்மா என் தொடையில் கிள்ளினார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்க அப்பா சரின்னு சொல்லி, என் தம்பி பேசி, நான் ரெண்டு நாளு ரயில்ல உக்காந்து வந்திருக்கேன். வராதன்னு சொல்ல நீ யாருட்டி?"

"பூவ என் தலையிலதான வைப்பீங்க, அத்தை?"

எதிரே மடியில் பையை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மராட்டி அம்மா நிமிர்ந்து, "காய் ஜால?" என்றார். என்ன ஆச்சு என்கிறார். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, நாளைக்குப் பரீட்சை, இவர்கள் எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், எனக்கு இஷ்டமில்லை என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி இந்தியில் சொன்னேன். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வண்டி மாதுங்காவில் நின்று கிளம்பியது. அத்தை மிரண்டுபோய் என்னையே கேட்டார்: "என்ன சொல்லுதாவ இவங்கல்லாம்?"

ஊர் சுற்றிக் காட்டுகிறவள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். "பட்டாணி உரிக்கிறவங்க, பிள்ளய எழுத விடுங்கன்னு சொல்லுதாங்க. நிக்கிறவங்க, பதினெட்டு ஆகாம பேசுறதே தப்புன்னு சொல்லுதாங்க. அந்த மூலையில இருக்கவங்க, பையன் எங்கன்னு கேக்காங்க." ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சயான் வந்தது. இறங்குவதற்கு முன், "கடைசி ஸ்டேஷன்னு யாராச்சும் சொன்னாலும் தாணே போர்டப் பாத்துட்டு எறங்குங்க அத்தை" என்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் சித்தப்பாவின் போன் வந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம். என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "நாளைக்கு நீ வீட்டுலதான் இருக்க. ப்ரிலிம்தான, போர்டு பரீட்சயா? அவங்ககிட்ட நான் பேசி வரச் சொல்லுதேன்" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "புதுசாக் கட்டுதேன்னு இந்த வீட்ட எப்ப இடிப்பான், நம்மள எங்க தூக்கிப் போடுவான்னு ஒண்ணும் தெரியல. ஒனக்காவது நிலையா ஒரு வீடு அமையட்டும்னு பாத்தா, ரயில்ல வச்சு மானத்த வாங்கிட்டு வந்து நிக்க" என்றார். அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது, மகளே. அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பயத்துக்கு நான் மருந்து இல்லை. நான் வேறு ஒரு ஆள். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மேலே ஏறி வந்துவிட்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உனக்கு அறிவுரை சொல்லவில்லை என்றால் நான் என்ன அம்மா? உறவு முறைகளைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள். யார் உனக்கு என்ன முறை என்பது உனக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவர்கள் உன்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போவார்கள். சிரிக்கச் சொன்னால் சிரிக்காதே. சிரிப்பு வந்தால் சிரி. மாட்டேன் என்று சொல்லும்போது குரல் உடையும், மூக்கு ஒழுகும், அழகாக இருக்காது. அதனால் என்ன, சொல். முக்கியமாக, வேறொரு பெண் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து உன்னை நிமிர்ந்து பார்த்தால் புடவையைப் பற்றிப் பேசாதே. ஒருவேளை நானே, நாற்பது வயதில், நீ நன்றாக இருக்க வேண்டும் என்ற பயத்தில், உனக்குத் தெரியாமல் யாரையாவது உன்னைப் பார்க்கக் கூட்டி வந்தால், இந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போடு. என் கையெழுத்தை நான் மறுக்க முடியாது. நாளைக்கு அவர்கள் வருவார்களா என்று எனக்குத் தெரியாது. வந்தால் சுவருக்குப் பூ வைத்துவிட்டுப் போகட்டும். நான் பரீட்சை ஹாலில் இருப்பேன்.

இங்கே எழுத்து நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது, அம்மா எழுந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. ஏணியில் பாதி ஏறி, தலை மட்டும் மேலே தெரிய நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். நோட்டைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

"என்னட்டி எழுதுத?"

"லெட்டர்."

அம்மாவின் பார்வை சட்டென்று கூர்மையானது. "எந்தப் பயலுக்கு?"

"என் மகளுக்கு."

அம்மா நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "அவளுக்கு என்னத்த எழுதுத?"

"ஏழு மணிக்கு நான் யூனிஃபார்ம் போட்டுட்டு எறங்கிருவேன்னு."

கீழே அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அம்மா ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சத்தம் அடங்கியது. அம்மா இன்னும் ஒரு படி ஏறி வந்தார். என் காதுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குடத்தின் வாடை அடிக்கிற கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏழு மணிக்கு ஒங்கப்பா முழிச்சிருவாரு. ஆறு மணிக்கே போயிரு. ஏணியில சத்தம் வரும்; நான் கீழ புடிச்சுக்கிடுதேன்."

மணி ஐந்தாகப் போகிறது. மகளே, இனி உனக்கு எழுத நேரம் இல்லை. இன்னும் இரண்டு பாடம் படிக்காமல் கிடக்கிறது.

உன் அம்மா